பார்ப்பதில் பாவம் உண்டா?

ஐந்து புலன்களில் கண்ணுக்குத்தான் நாம் அதிகச் சலுகை கொடுத்து வைத்திருக்கிறோம். நாக்கின் ஆசைக்கு ஓர் உயிர் போகவேண்டியிருக்கிறது, கீரையானாலும் உயிர்தானே? கையின் ஆசை பறிக்கிறது, எடுக்கிறது, பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறது. மூக்கின் ஆசைக்காகப் பூவைக் கிள்ளுகிறோம். கண் மட்டும் ஒன்றையும் எடுப்பதில்லை. பார்த்த பிறகும் பூ செடியிலேயே இருக்கிறது. மலையும் இருந்த இடத்தில் இருக்கிறது. அதனால்தான் பூவைப் பறித்தவனைத் தோட்டக்காரன் விரட்டுகிறான். நின்று பார்த்தவனிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசுகிறான். ஆசைகளிலெல்லாம் தூய்மையான ஆசை அழகைப் பார்த்து மகிழ்வதுதான் என்று பெரியவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் அப்படி எழுதாதவர் யார்?

ஆனால் இந்தச் சலுகைக்குக் கண் தகுதியானதுதானா என்று கேட்கவேண்டிய இடங்கள் உலகத்தில் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

உத்தராகண்ட் மாநிலத்தில் சமோலி மாவட்டத்தில் லோஹாஜங் என்று ஒரு மலைக் கிராமம். மோட்டார் வண்டி அதுவரை வரும். அங்கிருந்து காலால் நடந்து போகலாம். தித்னா என்ற சிற்றூரைக் கடந்து, ஓக் மரங்களும் ரோடோடெண்ட்ரான் மரங்களும் நெருங்கி நிற்கும் காட்டுக்குள் பாதை ஏறுகிறது. மரத்தின் உடம்பெல்லாம் பாசி. காலின் கீழே சருகு மெத்தை. தலைக்கு மேலே ஆகாயம் இருப்பதே மறந்துபோகும். மூச்சு வாங்க ஏறிக்கொண்டே இருக்கும்போது, கதவைத் திறந்தாற்போல் காடு சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மரம் வளர்வதில்லை. புல் மட்டுமே.

மரத்தின் எல்லைக்கும் பனியின் எல்லைக்கும் நடுவே இருக்கும் இந்தப் புல்வெளிகளை அந்தப் பக்கத்து மக்கள் ‘புக்யால்’ என்கிறார்கள். முதலில் வருவது ஆலி புக்யால், அடுத்தது பேதினி புக்யால். ஏறக்குறைய 11,000 அடி உயரத்தில், படுத்திருக்கும் யானையின் முதுகு போன்ற மலை முகட்டின் மேலேயே நடந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு சரிந்து இறங்குகிறது. எதிரே திரிசூல் மலை, 23,000 அடிக்கு மேல். பக்கத்தில் நந்தா குண்டி. மழைக் காலத்தில் அந்தப் புல்லில் மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாகக் கணுக்கால் உயரத்துக்குப் பூக்கள். காற்றுக்கும் குளிருக்கும் பயந்து தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு பூக்கும் பூக்கள். பேதினியில் ஒரு சிறு குளம், கரையில் நந்தாதேவிக்குச் சிறிய கோயில். மேகம் விலகியிருந்தால் விடியற்காலையில் திரிசூலத்தின் நிழல் அந்தக் குளத்தில் விழும். இதைப் பார்ப்பதற்கு மனிதன் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பான். அதில் ஆச்சரியம் இல்லை.

நான் அந்த முகட்டில் நடந்தது 2017 செப்டம்பரில். மழை முழுவதும் ஓய்ந்தபாடில்லை. புல்வெளிக்கு நடுவே பாதை ஒன்று ஓடியது. பாதை என்பதைவிட வாய்க்கால் என்பது பொருந்தும். முழங்கால் ஆழத்துக்கு மண் அரித்து, அடியில் சேறு. அந்த வாய்க்காலுக்கு இணையாக இன்னொரு தடம். அதற்கு இணையாக மூன்றாவது தடம். சில இடங்களில் ஐந்தாறுகூட. பச்சைக் கம்பளத்தை யாரோ நகத்தால் பிறாண்டியதுபோல் இருந்தது.

எங்கள் கூட்டத்தில் மராட்டியப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற என்ஜினீயர். சேற்றைக் கண்டதும் அவர் பாதையை விட்டு இறங்கிப் புல்லின் மேல் நடந்தார். வழிகாட்டி அந்தப் பக்கத்துக் கிராமத்து இளைஞன். மரியாதையாகச் சொன்னான்.

“பாபுஜி, பாதையிலேயே வாருங்கள்.”

“சேறாக இருக்கிறதே, பேட்டா!”

“சேற்றிலேயே நடங்கள். சேறு ஏற்கெனவே கெட்டுப்போனது. புல் இன்னும் கெடவில்லை.”

பெரியவர் சிரித்தார். “நான் ஒருவன் நடந்தால் இவ்வளவு பெரிய மலை கெட்டுவிடுமா?” என்றார்.

“நீங்கள் ஒருவர் நடந்தால் கெடாது, பாபுஜி” என்று ஒப்புக்கொண்டு அவன் முன்னால் போய்விட்டான்.

அவன் தர்க்கம் பேசவில்லை. அதனாலேயே அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. பெரியவர் சொன்னது பொய்யா? இல்லை, முழு உண்மை. அவர் ஒருவருடைய கால்தடத்தினால் எந்தப் புல்வெளியும் அழிவதில்லை. அவருக்குப் பின்னால் வந்தவரும் அதையே சொல்லலாம், அதுவும் உண்மை. பல்லாயிரம் பேர் வரிசையாக நின்று ஆளுக்கு ஓர் உண்மை சொல்கிறார்கள். எல்லா உண்மையையும் கூட்டிப் பார்த்தால் அங்கே ஒரு வாய்க்கால் இருக்கிறது. இதில் குற்றவாளி யார்?

பழைய கிரேக்கர்களுக்கு ஒரு புதிர் உண்டு. மணற்குவியலிலிருந்து ஒரு மணலை எடுத்தால் அது குவியலாகவே இருக்கிறது. இன்னொன்றை எடுத்தாலும் அப்படியே. எந்த மணலை எடுத்தபோது குவியல் இல்லாமற்போயிற்று? படிக்கும்போது இது வேலையில்லாதவர்களின் விளையாட்டாகத் தோன்றும். அந்த முகட்டில் நின்று பார்த்தால் விளையாட்டாகத் தோன்றாது. நம்மிடம் இதற்கு ஒரு பழமொழியே இருக்கிறது: எறும்பு ஊரக் கல்லும் தேயும். விடாமுயற்சிக்குப் பாராட்டாக அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கல்லின் பக்கத்திலிருந்து அதை யோசித்துப் பார்த்தவர்கள் குறைவு.

புல் எப்படி அழிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த உயரத்தில் ஆண்டில் பாதிக்கு மேல் பனி. செடிகளுக்குக் கிடைப்பது நாலைந்து மாதம். அதற்குள் துளிர்த்து, பூத்து, விதைத்து முடிக்கவேண்டும். மேல்மண்ணோ மிக மெல்லியது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னி அதைப் பாய்போலப் பிடித்து வைத்திருக்கின்றன. மீண்டும் மீண்டும் மிதிபடும் இடத்தில் பாய் கிழிகிறது. கிழிந்த இடத்தில் மழைத் தண்ணீரும் உருகிய பனியும் ஓட வழி கிடைக்கிறது. தண்ணீர் மண்ணைக் கொண்டுபோகிறது, தடம் பள்ளமாகிறது, பள்ளத்தில் சேறு. சேற்றைக் கண்டவன் ஒதுங்கிப் பக்கத்துப் புல்லில் நடக்கிறான். அங்கே அடுத்த தடம் பிறக்கிறது.

இதில் என்னை உறுத்துவது, தீங்கு செய்பவன் முரடன் அல்ல என்பதுதான். ஒதுங்கி நடப்பவன் சுத்தக்காரன். வாசலில் இட்ட கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப்போ, சகதியில் காலை வைக்காதே என்று வீட்டில் நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கப்பட்டவன். ஊரில் நல்ல பழக்கமாக இருப்பது மலையில் கெடுதலாகிவிடுகிறது. நல்லவனாக இருப்பதற்கு நல்ல சுபாவம் மட்டும் போதாது, நிற்கும் இடத்தைப் பற்றிய அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சிக்கல் புதிதல்ல. பௌத்த பிக்ஷுக்களுக்கான விதிகள் அடங்கிய வினய நூலில் ஒரு செய்தி வருகிறது. ஆரம்பத்தில் பிக்ஷுக்கள் மழைக் காலத்திலும் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார்கள். ஜனங்கள் குறைகூறினார்கள்: மற்றச் சமயத்துத் துறவிகள்கூட மழைக்கு ஓரிடத்தில் தங்குகிறார்கள், பறவைகள்கூடக் கூடு கட்டித் தங்குகின்றன, இவர்கள் மட்டும் பசும்புல்லை மிதித்துக்கொண்டு, சிற்றுயிர்களைக் கொன்றுகொண்டு திரிகிறார்களே என்று. புத்தர் ஜனங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. மழைக் காலத்தில் ஓரிடத்தில் தங்கும்படி பிக்ஷுக்களுக்கு விதி செய்தார்.

அந்தப் பிக்ஷுக்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். கையில் திருவோடு, மனத்தில் தர்மம். அவர்களுடைய நோக்கத்தை எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் நோக்கம் தூயதாக இருப்பதால் காலின் பாரம் குறைந்துவிடாது என்பதைச் சாதாரண ஜனங்கள் கண்டார்கள், மகான் ஏற்றுக்கொண்டார். நாம் செய்வது என்ன? பூ பூப்பது மழைக் காலத்தில் என்பதால், அந்தக் காலம் பார்த்தே புறப்படுகிறோம்.

என் கேள்விக்கு இங்கேதான் பாதி விடை கிடைக்கிறது. கண் ஒன்றையும் எடுப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் கண் தனியாகப் பிரயாணம் போவதில்லை. காலைக் கூட்டிக்கொண்டு போகிறது. காலோடு வயிறு போகிறது; வயிற்றுக்காக அரிசி மூட்டையும் அடுப்பும் சுமந்து கோவேறு கழுதைகள் போகின்றன; அவற்றுக்கு நான்கு நான்கு குளம்புகள். இரவில் உடம்பைச் சாய்க்கக் கூடாரம், கூடாரத்தைச் சுற்றிச் சிறு கால்வாய், காலையில் ஒதுங்க ஒரு மறைவிடம், விட்டுப்போகும் பிளாஸ்டிக் உறைகள். இத்தனையும் கண்ணின் பரிவாரம். ராஜா யாரையும் அடிக்கவில்லை, பரிவாரம் போன வழியில்தான் பயிர் அழிந்தது என்றால் ராஜாவுக்குப் பொறுப்பு இல்லையா?

ராஜா என்றதும் அந்த மலையின் சொந்தக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பேதினிக்கு மேலே பாதர் நசௌனி என்று ஓரிடம். நாட்டியக்காரிகள் ஆடிய இடம் என்று அர்த்தம். கன்னோசி அரசன் ஒருவன் நந்தாதேவியின் யாத்திரைக்கு நாட்டியக்காரிகளையும் அழைத்துக்கொண்டு வந்தானாம். அடக்கமாக நடக்கவேண்டிய மலையில் ஆட்டமும் பாட்டும் நடந்தன. தேவிக்குக் கோபம் வந்தது. நாட்டியக்காரிகள் கல்லாகிப் போனார்கள். அரசனும் கூட்டமும் இன்னும் மேலே ரூப்குண்டம் என்ற ஏரியருகே ஆலங்கட்டி மழையில் மாண்டார்கள் என்பது கதை. 1942-ல் அந்த ஏரியில் எலும்புக்கூடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. கதை மெய்யென்றே பலரும் எண்ணினார்கள். 2019-ல் வெளியான மரபணு ஆராய்ச்சியோ, அந்த எலும்புகள் ஒரே கூட்டத்தினுடையவை அல்ல என்று காட்டியது. ஆராய்ந்த 38 பேரில் 23 பேர் நம் நாட்டுப் பக்கத்து மரபினர். 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதி மரபினர். இரு சாராருக்கும் இடையே சுமார் ஆயிரம் ஆண்டு இடைவெளி.

சரித்திரமாக அந்தக் கதை நிற்கவில்லை. ஆனால் அது சரித்திரம் சொல்ல வந்த கதையும் அல்ல. இந்த முகட்டில் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று சொல்ல வந்த கதை. மலைக் கிராமத்தார் புக்யாலில் கூச்சலிடமாட்டார்கள். பளபளப்பான துணி உடுத்தமாட்டார்கள். ஆஞ்சரிகள் என்னும் வனதேவதைகள் பிடித்துக்கொள்ளும் என்று பயம். பிரம்மகமலப் பூவை நந்தாஷ்டமிக்கு முன்னால் பறிக்கக்கூடாது என்பது வழக்கம். அதற்குள் விதை முற்றிவிடும் என்று தாவர சாஸ்திரிகள் இன்று காரணம் கண்டு சொல்கிறார்கள். பயம் என்ற பெயரில் புல்லுக்கு ஒரு வேலி இருந்தது.

அந்த வேலியை நான் பெரிதாகப் புகழத் தயாராக இல்லை. கதையையே பாருங்கள்: அழைத்துவந்தவன் அரசன், முதலில் கல்லானவர்கள், கூலிக்கு ஆட வந்த ஏழைப் பெண்கள். அந்த நியாயம் எனக்கு ஒப்பவில்லை. பக்தியும் எப்போதும் புல்லைக் காப்பாற்றிவிடுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் நந்தாதேவி ராஜயாத்திரை, நான்கு கொம்புள்ள ஆட்டுக்கடாவை முன்னால் விட்டுக்கொண்டு, இந்தப் பேதினி வழியாகத்தான் போகிறது. 2014-ல் போனபோது ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் புல்லின் மேல்தான் நடந்தார்கள். கிராமத்தாரிலும் பலர் பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் ‘கீடா ஜடி’ என்னும் பூஞ்சையைத் தேடி மண்ணைக் கிளறுகிறார்கள்; சீன வைத்தியத்தில் அதற்கு நல்ல விலை. பட்டணத்தான் கெடுப்பவன், மலைவாசி காப்பவன் என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடியும், உண்மையாக இராது.

பயம் போன இடத்தில் சட்டம் வந்தது. ஆலி, பேதினி, பாக்ஜி புக்யால்களைக் காப்பதற்காக அமைந்த குழு ஒன்று 2014-ல் தொடுத்த வழக்கில், உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. புக்யால்களில் யாரும் இரவு தங்கக்கூடாது. போகிறவர்கள் 200 பேருக்கு மேற்படக்கூடாது. நிலையாகக் கட்டிய குடில்களை அகற்றவேண்டும். வியாபாரத்துக்காக மந்தைகளை மேய்ப்பது கூடாது, உள்ளூர் இடையர்களின் ஆடுமாடுகள் மட்டும் மேயலாம்.

தீர்ப்பின் நோக்கத்தில் எனக்குக் குறை தோன்றவில்லை. ஆனால் அதன் அடி முதலில் எங்கே விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். புக்யால் மூடினால் பம்பாய்க்காரரும் பெங்களூர்க்காரரும் வேறு மலைக்குப் போய்விடுவார்கள். உலகத்தில் மலைக்குப் பஞ்சமில்லை. கோவேறு கழுதையைக் கடன் வாங்கி வாங்கியவனுக்கு வேறு மலை ஏது? கூடாரம் தூக்கியவன், ரொட்டி சுட்டவன், “சேற்றிலேயே நடங்கள், பாபுஜி” என்று சொன்னவன், இவர்களுக்குத்தான் அந்த மாதத்துச் சம்பளம் போகும். அரசன் செய்ததற்கு ஆடியவர்கள் கல்லான கதைதான் இதுவும். ஒரு தர்மம் சரியாக இருப்பது போதாது. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். புல்லைக் காப்பது எல்லாருக்கும் கடமையானால், அதனால் வேலை இழந்தவனுக்கு மாற்று வேலை கொடுப்பதும் எல்லாருக்கும் கடமைதான். இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதற்பாதியை மட்டும் பேசுவது நம் போன்ற வசதியுள்ளவர்களுக்குச் சுலபம்.

கதவைச் சாத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் நிச்சயமில்லை. அதே மாவட்டத்தில் பூக்களின் பள்ளத்தாக்கு 1982-ல் தேசியப் பூங்காவாயிற்று. ஆடுமாடுகள் மேய்வது நிறுத்தப்பட்டது. பிறகு ஆளுயரக் களைச்செடி ஒன்று மண்டிச் சிறு பூச்செடிகளை மறைத்தது. மேய்ச்சல் நின்றதுதான் காரணம் என்றார்கள் சிலர். இல்லை என்றார்கள் வேறு சிலர். எப்படியாயினும், ஆட்களை விட்டுக் களை பிடுங்கவேண்டி வந்தது. மனிதன் விலகிக்கொள்வதும் ஒரு செயல்தான். அதற்கும் விளைவு உண்டு.

அப்படியானால் போகலாமா, கூடாதா? வாசகர் இப்படிக் கேட்டு என்னை நெருக்குவது நியாயம்.

போகக்கூடாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. பார்க்காத ஒன்றின் மேல் அன்பு வைப்பது பெரும்பாலோருக்குக் கடினம். பார்த்தவர்கள் பேசியிராவிட்டால் அந்தப் புல்லுக்காக வழக்காட யாரும் வந்திருக்கமாட்டார்கள். ஆனால் பார்ப்பது இலவசம் என்ற எண்ணத்தைக் கீழேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். விலை, வண்டிச் சத்தமும் வழிகாட்டியின் கூலியும் மட்டுமல்ல. இருநூறு பேர் என்றால் இருநூற்றோராவது ஆளாக நிற்கும்போது சண்டை போடாமல் திரும்புவது விலை. இரவு தங்காதே என்றால், குளத்தில் திரிசூலத்தின் விடியற்கால நிழலைக் காணாமலே காட்டுக்கு இறங்கிவிடுவது விலை. சேற்றில் கால் வைப்பது விலை.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தடம் இருக்கும் இடத்தில் எல்லாரும் அந்த ஒரே தடத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டும். தடமே இல்லாத புல்லில், அப்படிப் போனால் புதுத் தடம் விழுந்துவிடும். அங்கே ஒருவர் மிதித்ததை இன்னொருவர் மிதிக்காமல் பரவி நடக்கவேண்டும். ஒரே மலையில் இரண்டு நேர்மாறான விதிகள்; நோக்கம் ஒன்றே. மனப்பாடம் செய்த தர்மம் இங்கே உதவாது. ஒவ்வோர் அடியிலும் குனிந்து பார்க்கவேண்டியிருக்கிறது. மலையைப் பார்க்க வந்தவன் காலடியையும் பார்க்கவேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

கெட்டது முழுவதும் கெட்டேபோகும் என்றும் இல்லை. உத்தரகாசிப் பக்கத்தில் தயாரா புக்யால் என்று ஒன்று. மண் அரித்துப் பள்ளமான அதன் சரிவுகளில் வனத்துறையினர் தென்னை நார்ப் பாயை விரித்தார்கள். பைன் மரச் சருகுகளைப் பொதியாகக் கட்டி நீரோட்டத்துக்குக் குறுக்கே சிற்றணைகளாக வைத்தார்கள். மண் தங்கினால் புல் வரும் என்ற நம்பிக்கை. தென்னை மரம் ஒன்றுகூட நிற்காத உயரத்தில், ஏதோ கடற்கரையில் திரித்த நார் இமயத்தின் காயத்துக்குக் கட்டாகிறது. ஆயிரம் பேர் அறியாமல் செய்ததைப் பத்துப் பேர் அறிந்து உட்கார்ந்து தைக்கிறார்கள். தைப்பதற்கு ஆகும் காலம், கிழிப்பதற்கு ஆகும் காலத்தைப்போல் பல மடங்கு.

மராட்டியப் பெரியவரின் கணக்கில் நான் கண்ட பிழை ஒன்றுதான். “நான் ஒருவன் நடந்தால் என்ன?” என்று கேட்டபோது தம்மை மட்டும் எண்ணினார், தமக்கு முன்னால் நடந்தவர்களை எண்ணவில்லை. அந்தச் சேற்றுத் தடத்துக்கு அப்பால் அவர் கண் குளிரப் பார்த்த புல் தானாக மிஞ்சியதல்ல. எத்தனையோ இடையர்கள், யாத்திரிகர்கள், கூலிக்காரர்கள் தங்கள் காலை நனைத்துக்கொண்டு பழைய தடத்திலேயே போனதால் மிஞ்சியது. அவர்களில் ஒவ்வொருவரும் “நான் ஒருவன்தானே” என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சேற்றில் இறங்கினார்கள். நாம் யாருடைய பெயரையும் அறியோம். அவர்களும் நம்மை நினைத்து அப்படி நடந்திருக்கமாட்டார்கள். இருந்தாலும் கடன் கடன்தான். அதை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்கமுடியும்.